களனிக்கு அக்கரை

கொழும்பு மாநகரின் வடவெல்லையில், முகத்துவாரம் எனத் தமிழ் மக்கள் வழங்கிவரும் இடத்திலே, களனி கங்கை கடலோடு கலக்கின்றது. அதன் தென்புறத்தில் மட்டக்குளி, கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை என்னும் பகுதிகள், மாதா கோவில்களும் சிவாலயங்களும் பள்ளிவாசல்களும் வணிகர் கிட்டங்கிகளும் நெருங்கி நிற்க, சந்தடி ஓயாத நகரமாக விரிந்து கிடக்கின்றன. வடபுறத்தில் உள்ளது ஹெந்தளை. இன்று பாலங்களாலும் பஸ் வண்டிகளாலும் நகரத்தோடு பிணைக்கப்பட்டு, வத்தளையின் ஓர் அங்கமாகவே அவ்வூர் எண்ணப்படுகின்றதெனினும், முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் அந்த ஆறு ஒரு பெரும் எல்லையாக இருந்தது. 1708ஆம் ஆண்டிலே, இலங்கையின் கரையோரங்களை ஆண்டுகொண்டிருந்த ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியார், குஷ்டரோகம் பீடித்தவர்களை வைப்பதற்கென ஒரு விடுதியை ஹெந்தளையில் அமைத்தபோது, கோட்டைக்கும் அவ்விடத்துக்கும் இடையிலே ஆறு கிடந்ததுதான் அந்நிலத்தின் தலைசிறந்த தகுதியாக அவர்களுக்குத் தோன்றியிருத்தல் வேண்டும்.

நமது கரையோரத் தமிழரிடையே கிறிஸ்தவ சமயம் பரப்பிய கதைகளுள் பல, ஒரு குடும்பத்தின் துன்பத்தையும், அத்துன்பத்தை அக்குடும்பம் பொறுத்துக் கடந்த விதத்தையும் கூறுவன. கூத்தாகவும் பிரசங்கமாகவும் பின்னாளில் நாவலாகவும் அவை நம்மிடையே வழங்கின. அக்கதைகளைக் கேட்டு அழுதவர்களும், அவற்றில் தமது வீட்டையே கண்டு தேறுதல் அடைந்தவர்களும் எத்தனையோ பேர். ஆயினும், அதே கரையோரத்தில், அதே மக்களிடையே, குடும்பம் என்பது உண்மையில் எவ்வாறு சோதிக்கப்பட்டது, எதைக் காப்பாற்றியது, எதைக் கைவிட்டது என்பதை அறிய விரும்புவோர் கதைகளை மட்டும் படித்தால் போதாது; ஹெந்தளையின் சரித்திரத்தையும் படித்தல் வேண்டும்.

ஐரோப்பாவிலே பெருவியாதிக்காரரை ஊருக்குப் புறம்பே ஒரு வீட்டில் வைக்கும் சம்பிரதாயம் மிகவும் பழையது. நோயுற்றவன் பாளயத்துக்கு வெளியே தனித்திருக்க வேண்டும் என்னும் லேவியராகமத்தின் விதியையும், செல்வந்தன் வாசலில் புண்களோடு கிடந்த லாசருவின் உவமையையும் ஒருங்கே மனத்திற் கொண்டு, நோயாளியை விலக்குவதும் அவனுக்குப் பிச்சையிடுவதும் ஆகிய இரண்டையும் ஒரே சமயக் கடமையின் இரு பாகங்களாக அவர்கள் ஏற்றுக்கொண்டனர். ஆம்ஸ்டர்டாம் நகரத்துக் குஷ்டரோகிகள், ஆண்டில் ஒரு திங்கட்கிழமை, மரத்தாலான தட்டுக்கருவியை ஒலித்தவாறு ஊர்வலமாகச் சென்று பிச்சை ஏற்பது அந்நாட்டு வழக்கமாயிருந்தது. நோயாளிகளை ஊருக்குப் புறம்பே வைக்கும் சம்பிரதாயத்தைக் கம்பெனியார் தாம் சென்ற இடமெல்லாம் உடன்கொண்டு சென்றனர். ஜாவாவில் பத்தேவியாத் துறைமுகத்துக்கு எதிரே ஒரு தீவிலும், மலையாளக் கரையில் கொச்சிக்கு அணித்தான பள்ளிப்புரத்திலும் அவர்கள் இத்தகைய விடுதிகளை அமைத்தனர். ஹெந்தளை விடுதியும் இந்த வரிசையில் ஒன்று. அது எழுந்த காலத்தில் ஹென்ட்ரிக் பெக்கர் என்பவர் இலங்கையில் கம்பெனியின் தேசாதிபதியாக இருந்தார். கறுவாக் கணக்கிலும் கண்டியரசனோடு நடத்திய கடிதப் போக்குவரத்திலும் மூழ்கியிருந்த ஓர் அரசாங்கம், நோயாளிகளுக்காக ஒரு கட்டடத்தை எழுப்பியதைக் கருணை என்பதா, அச்சம் என்பதா என்று கேட்டால், இரண்டும் அக்கட்டடத்தின் ஒரே சுவரில் கலந்திருந்தன என்றே சொல்லத் தோன்றுகின்றது.

ஆனால் அக்காலத்துக் கரையோரக் குடும்பங்களுக்கு நேர்ந்த சோதனை நோயினால் மட்டும் வந்ததன்று. 1656இல் கொழும்பும், 1658இல் யாழ்ப்பாணமும் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறிய உடனே, கத்தோலிக்க குருமாருக்குத் தமது வீட்டில் புகலிடம் கொடுப்போருக்கு மரண தண்டனை என்னும் கட்டளை பிறந்தது. குருமார் நாடுகடத்தப்பட்டனர். கோவில்கள் சீர்திருத்தச் சபையாரின் பிரசங்க மண்டபங்களாயின. 1715இல் வெளியான மற்றொரு கட்டளை, கத்தோலிக்கர் பகிரங்கமாகவோ வீடுகளுக்குள்ளேயோ கூடி வழிபடுவதையும் விலக்கிற்று. களனியாற்றின் முகத்திலிருந்து நீர்கொழும்பு, சிலாபம் வரை நீண்டு கிடக்கும் கடற்கரையில், கரைவலை இழுத்தும் களப்பிலே மீன் பிடித்தும் தென்னை வளர்த்தும் வாழ்ந்த கத்தோலிக்கக் குடிகள் ஏராளமானோர். தமிழும் சிங்களமும் ஒரே நாவிற் கலந்து வழங்கிய மக்கள் அவர்கள். இக்கட்டளைகள் அவர்களுடைய நடுவீட்டுக்குள்ளேயே வந்து நுழைந்தன.

எவ்வாறு நுழைந்தன என்பதைச் சற்று விரித்துரைத்தல் அவசியம். ஒல்லாந்தர் ஆட்சியிலே தோம்பு என்னும் பதிவேடு குடிகளின் வாழ்வை முற்றாகப் பிணித்து நின்றது. காணிகளைக் குறிக்கும் தோம்பு, குடும்பத்தாரின் பெயர்களைக் குறிக்கும் தோம்பு, இவற்றோடு பள்ளிக்கூடத் தோம்பு என்று ஒன்றும் இருந்தது. ஊர்ப் பள்ளிக்கூடத்து உபாத்தியாயரே ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் அதிற் பதிந்துவந்தார். சீர்திருத்தச் சபையின் போதகர் சுற்றுப்பிரயாணமாக வரும் நாளில், பள்ளிக்கூடத்திலே குழந்தைக்கு ஞானஸ்நானம் பெற்று, அதன் பெயரைத் தோம்பில் ஏற்றாவிடில், சட்டத்தின் கண்ணில் அக்குழந்தை முறைப்படி பிறந்த பிள்ளையாகாது. தகப்பனுடைய முதுசத்தில் உரிமை கேட்க அதற்கு வழியில்லை. அச்சபையில் நடவாத விவாகம் விவாகமன்று; அத்தகைய மனைவிக்குச் சீதனக் காணியின் மேலும் நிச்சயமான பிடி கிடையாது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாத பெற்றோர் குற்றப்பணம் கட்டினர். சுருங்கச் சொன்னால், ஒரு தந்தை தன் மகனுக்குத் தன் விசுவாசத்தைக் கொடுப்பதா, தன் காணியைக் கொடுப்பதா என்பதைத் தேர்ந்துகொள்ள வேண்டியவனாக நிறுத்தப்பட்டான்.

கரையோரத்து மக்கள் இரண்டையும் கொடுத்தனர். பகலிலே பள்ளிக்கூடத்தில் போதகர் கையால் ஒரு ஞானஸ்நானம், பெயர் தோம்பில் ஏறும். பிறகு, கண்டி நாட்டிலிருந்து மாறுவேடத்தில் ஒரு சுவாமியார் வந்து சேரும் இரவிலே, யாரோ ஒருவர் வீட்டின் பின்கட்டில், கத்தோலிக்க முறைப்படி எஞ்சிய சடங்குகள் நிறைவேறும். பெயரளவிலே சபையிற் சேர்ந்திருந்து, உள்ளத்திலே பழைய மார்க்கத்தைப் பற்றியிருந்த இம்மக்களைக் குறித்து ஒல்லாந்தப் போதகர்கள் சலிப்போடு எழுதிய முறைப்பாடுகள் பல. பின்வந்த ஆங்கிலேய ஆசிரியர்களும் இதனைப் பாசாங்கு என்றே பழித்தனர். அவர்கள் தீர்ப்போடு எனக்கு உடன்பாடில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பதிவேடுகளின்படி மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் சீர்திருத்தச் சபையினராக எண்ணப்பட்டிருக்க, ஒல்லாந்தரின் அதிகாரம் நீங்கிய சில ஆண்டுகளுக்குள்ளேயே அத்தொகை சரிந்து போனதென்றால், அதற்கு மக்களின் பொய்யைவிட, வயிற்றையும் வாரிசுரிமையையும் வழிபாட்டோடு முடிச்சிட்ட ஆட்சியின் பிழையே காரணம். அரசாங்கம் குடும்பத்திடம் இரட்டைக் கணக்கைக் கேட்டது. குடும்பம் எழுதிக் கொடுத்தது.

அந்த இரட்டைக் கணக்கைக் காத்துவந்தவர்கள் பெரும்பாலும் கல்வியறிவில்லாத தாய்மாரும், மூப்பர், அண்ணாவி என்று பெயர் பெற்ற ஊர்த்தலைவர்களும் ஆவர். 1658 முதல் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள், குருவைக் காணாமலே, செபமாலையையும் மனப்பாடமான செபங்களையும் மட்டும் கொண்டு அவர்கள் விசுவாசத்தை வளர்த்தனர். பின்பு 1687இல், கோவாவிலிருந்து சூசை வாஸ் முனிவர், கூலிக்காரன் வேடத்தில், யோவான் என்னும் பணியாளோடு யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கினார். கப்பலிலே பற்றிய வயிற்றுக்கடுப்பினால் உயிர் ஊசலாடும் நிலையில் வந்த அவர், கழுத்திலே செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டு, அதைக் கண்டு யார் முகம் மாறுகின்றது என்பதைக் கொண்டே கத்தோலிக்கர் வீடுகளை அடையாளங் கண்டார். பின்னர் கண்டிக்குச் சென்று, உளவாளி என்ற சந்தேகத்திற் சிறைப்பட்டு, அங்கிருந்தே தமது பணியைத் தொடர்ந்து, கரையோரமெங்கும் இரகசியமாக நடந்து, மூப்பர்களையும் அண்ணாவிமாரையும் ஒழுங்குபடுத்தினார்.

இவருடைய சரித்திரத்திலே ஹெந்தளையோடு நேரே தொடர்பில்லாத, ஆயினும் ஹெந்தளையை எண்ணுந்தோறும் என் நினைவுக்கு வருகின்ற ஒரு சம்பவம் உண்டு. 1697இல் கண்டியில் வைசூரி பரவியது. அரசனும் பிரதானிகளும் நகரைவிட்டு நீங்கினர். நோயுற்றோரை அவர்களுடைய உறவினரே காட்டில் கொண்டுபோய் விட்டனர். வாஸ் முனிவரும் அவருடைய மருமகனாகிய கார்வாலோ சுவாமியாரும் அக்காட்டினுள்ளே குடிசைகள் அமைத்து, நோயாளிகளைக் கழுவி, கஞ்சி ஊட்டி, இறந்தோரை அடக்கம் செய்தனர். முனிவரின் புகழைக் கூறுவோர் இதனை அவருடைய கருணைக்கு எடுத்துக்காட்டாக மொழிவர், அது தகும். ஆனால் அதே சம்பவத்தின் மறுபக்கத்தை நாம் விரைந்து கடந்துவிடுகின்றோம். காட்டிலே கொண்டுபோய் விட்டவர்கள் யார்? தாயும் தந்தையும் தமையனும் அல்லவா? 1711 சனவரி 16ஆம் திகதி அம்முனிவர் கண்டியில் காலஞ்சென்றபோது, களனிக்கு அக்கரையில் கம்பெனியின் விடுதி எழுந்து மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன.

கதைகளைப் பற்றிச் சொன்னேன். அவற்றுள் இக்கரையோரத்துக்கு மிகவும் உரியது எஸ்தாக்கியாருடைய கதை. உரோமாபுரியின் படைத்தலைவர் ஒருவர், வேட்டையாடச் சென்ற இடத்தில், மானின் கொம்புகளுக்கிடையே சிலுவையைக் கண்டு மனந்திரும்புகின்றார். உடனே சோதனைகள் தொடங்குகின்றன. கொள்ளைநோயில் அடிமைகளும் கால்நடைகளும் மாளுகின்றன. கள்வர் வீட்டைக் கொள்ளையிடுகின்றனர். கப்பற்கூலி கொடுக்க வகையின்றி நின்றபோது, கப்பற்றலைவன் மனைவியைப் பறித்துக்கொள்கின்றான். எஞ்சிய இரு மைந்தரோடு ஓர் ஆற்றங்கரையை அடைகின்றார். ஒரு பிள்ளையை அக்கரையிற் சேர்த்துவிட்டு மற்றப் பிள்ளைக்காகத் திரும்பி நடு ஆற்றில் வரும்போது, ஒரு கரையிலே சிங்கமும் மறுகரையிலே ஓநாயும் தோன்றிப் பிள்ளைகளைக் கவ்விச் செல்கின்றன. நெடுங்காலத்துக்குப் பின் அனைவரும் உயிரோடு ஒன்றுகூடி, இறுதியில் ஒரே வெண்கலக் காளையின் வயிற்றுக்குள் ஒன்றாகவே வேதசாட்சிகளாய் மடிகின்றனர். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் கத்தோலிக்க ஊர்களில் எஸ்தாக்கியார் நாடகம் விடிய விடிய ஆடப்பட்டு வந்தது. அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்க, ஆற்றின் நடுவே தகப்பன் நின்று புலம்பும் கட்டம் வந்ததும் பெண்கள் விம்மி அழுவார்கள் என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கின்றேன்.

ஞானசவுந்தரியின் கதையும் இத்தன்மையதே. மாற்றாந்தாயின் கொடுமையால் கைகள் வெட்டுண்டு காட்டில் விடப்பட்ட பெண், தேவமாதாவின் அருளால் கைகளை மீளப் பெற்று, பிரிந்த கணவனோடு மீண்டும் சேர்கின்றாள். கூத்தாகவும் மேடை நாடகமாகவும் புகழ்பெற்று, 1948இல் தமிழ்நாட்டிலே திரைப்படமாகவும் வந்து, இந்துக்களையும் கிறிஸ்தவர்களையும் ஒருங்கே அழவைத்த கதை அது. இந்நாடக மரபு மேல்கரை வழியே தெற்கு நோக்கிப் பரவி, சிங்களக் கத்தோலிக்கரிடையே நாடகம் என்ற அதே பெயரோடு வேரூன்றியது. இதற்கு முன்னரே, 1705இல் இலங்கைக்கு வந்து, 1742இல் நீர்கொழும்புக்கு அணித்தான போலவத்தையில் இறந்த ஜாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியார், தமிழர் சாங்கோபாங்கர் என்று போற்றும் பெரியார், சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் இயற்றினார். தவக்காலத்திலே வாசிக்கப்படும் அவருடைய வியாகுலப் பிரசங்கம், சேசுநாதருடைய பாடுகளை ஒரு தாயின் துயரமாகவும் கேட்போர் நெஞ்சில் பதியச் செய்தது. கட்டளைக்குப் பயந்து வீட்டுக்குள்ளே வழிபட்ட மக்களுக்கு, மகனை இழந்த தாயின் கதையும் பிள்ளைகளை இழந்த தகப்பனின் கதையும் எவ்வளவு அண்மையிலிருந்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம்.

எனினும் இக்கதைகளின் அமைப்பிலே ஒன்றை உற்று நோக்குதல் வேண்டும். குடும்பத்தைப் பிரிப்பவர்கள் எப்போதும் வெளியார்: சிங்கம், ஓநாய், கள்வன், கப்பற்றலைவன். மாற்றாந்தாயும் வெளியிலிருந்து வந்தவளே. குடும்பத்தின் உள்ளிருந்து ஒருவரும் தம்மவரைக் கைவிடுவதில்லை; ஆகையால் இறுதியில் எல்லாரும் ஒன்றுகூடுவதற்குத் தடையில்லை.

1796இல் கொழும்பு ஆங்கிலேயர் வசமாயிற்று. அவர்கள் வந்த புதிதில், முத்துராஜவெலச் சதுப்பு நிலத்தில் ஏறிய உப்புநீரை வடிக்கும் நோக்கத்தோடு, கவின் ஹமில்டன் என்னும் அதிகாரியின் காலத்தில், ஹெந்தளைப் பக்கத்திலிருந்து நீர்கொழும்பை நோக்கி ஒரு வாய்க்கால் வெட்டினர். 1802இல் தொடங்கி 1804இல் முடிந்த அவ்வேலையினால் பழைய நெல்வயல்கள் மீளவில்லை. வாய்க்கால் மட்டும் அவர் பெயரால் இன்றும் ஓடுகின்றது. 1806 மே மாதம் 27ஆம் திகதி தேசாதிபதி மெயிற்லண்டு வெளியிட்ட சட்டமோ உண்மையில் ஒரு விடுதலைப் பத்திரம். கத்தோலிக்கர் மீதிருந்த தடைகள் அனைத்தும் அதனால் நீங்கின. 1795 ஓகஸ்டு 26ஆம் திகதிக்குப் பின், ஒல்லாந்தர் விதித்த முறைப்படியன்றித் தமது முறைப்படி அவர்கள் செய்துகொண்ட விவாகங்கள் யாவும் சட்டப்படி செல்லும் என்று அது பிரகடனம் செய்தது. எத்தனை மனைவிமார் அன்று மனைவிமாரானார்கள், எத்தனை பிள்ளைகள் அன்று வாரிசுகளானார்கள் என்று எண்ணிப் பார்த்தால், இந்நாட்டுச் சட்டப் புத்தகங்களுள் இதைப் போல இத்தனை வீடுகளில் விளக்கேற்றிய சட்டம் வேறொன்று உண்டோ என ஐயுறத் தோன்றும். நமது பாடப்புத்தகங்கள் இதனை ஒரு வரியில் முடித்துவிடுவது வருந்தத்தக்கது. கொட்டாஞ்சேனையில் புனித லூசியாள் பேராலயம் எழுந்ததும், ஒல்லாந்தர் காலத்தில் ஒளிந்து வாழ்ந்த அந்தோனியோ சுவாமியாரின் சிறு ஆலயத்தின் வழியில் கொச்சிக்கடை அந்தோனியார் கோவில் பெரிதாகி 1834இல் அபிஷேகம் பெற்றதும் இந்தச் சுதந்திரத்தின் விளைவுகளே.

ஹெந்தளை விடுதிக்கு மட்டும் விடுதலை வரவில்லை. ஆங்கிலேயர் அதனைக் குஷ்டரோகிகள் ஆஸ்பத்திரியாகத் தொடர்ந்து நடத்தினர். 1873இல் நோர்வே தேசத்து வைத்தியர் ஹான்சன், இந்நோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்தார். அதுவரையில் பரம்பரைச் சாபம் என்றும் பாவத்தின் பலன் என்றும் கருதப்பட்ட நோய், கிருமியால் வருவது என்று அறியப்பட்டபோது, நோயாளியின் மேலிருந்த பழி நீங்கியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. 1889இல் ஹவாய்த் தீவுகளிலே, நோயாளிகளோடு வாழ்ந்து அந்நோயையே ஏற்று இறந்த தமியான் சுவாமியாரின் மரணம் உலகமெங்கும் பேசப்பட்டது. பக்தி மிகுந்தது போலவே பயமும் மிகுந்தது. 1897இல் பேர்லினிற் கூடிய வைத்தியர் மகாநாடு, நோயாளிகளைத் தனிமைப்படுத்துவதே வழி என்றது. நான்கு ஆண்டுகளில், 1901இல், இலங்கையிலும் குஷ்டரோகிகள் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. அதுவரை பிச்சைக்காரனுக்கும் போக்கற்றவனுக்கும் புகலிடமாக இருந்த ஹெந்தளைக்கு, இனி நோயாளியைக் கட்டாயப்படுத்திக் கொண்டுவந்து வைக்கவும் சட்டம் இடங்கொடுத்தது. பின்னர் மட்டக்களப்பு வாவியின் நடுவேயுள்ள மாந்தீவிலும் இத்தகைய ஆஸ்பத்திரி ஒன்று ஏற்பட்டது. ஆற்றுக்குப் பதிலாக அங்கே வாவி.

உண்மையில் இந்நோய் எளிதில் தொற்றுவதன்று. மனிதரிற் பெரும்பாலோருக்கு இதனை எதிர்க்கும் சக்தி இயல்பாகவே உண்டு. நெடுநாள் நெருங்கிய பழக்கமின்றி அது பரவுவதும் அரிது. நரம்புகள் மரத்துப்போவதால், சுடுவதும் குத்துவதும் உணரப்படாமல் கைகால்கள் புண்பட்டுத் தேய்கின்றன. விரல்கள் அழுகி விழுகின்றன என்று ஊரார் கூறுவதன் காரணம் அதுவே. நீரடிமுத்து எண்ணெயை ஊசி மூலம் ஏற்றுவது தவிர வேறு மருந்தில்லாத அக்காலத்தில், தோலிலே ஒரு தேமல் தோன்றியதும் குடும்பம் செய்யக்கூடியது இரண்டே. ஒன்று, மறைப்பது: பின்னறை ஒன்றில் நோயாளியை வைத்து, அயலாருக்கு அவன் வெளியூர் போயிருப்பதாகச் சொல்லி, தட்டும் கோப்பையும் பாயும் வேறாக்கி, ஆண்டுக்கணக்கில் வீட்டுக்குள்ளேயே பாதுகாப்பது. மற்றொன்று, ஒப்புக்கொடுப்பது. முன்னொரு காலத்தில் மரண தண்டனைக்கு அஞ்சாது சுவாமியாரைப் பின்கட்டில் ஒளித்துவைத்த அதே கரையோரத்து வீடுகள்தான் இப்போது இந்த இரண்டுக்குமிடையே தத்தளித்தன. குருவை ஒளித்தபோது அயலாரெல்லாரும் உடந்தையாய் இருந்தனர். நோயாளியை ஒளித்தபோது அயலாருக்கு அஞ்சியே ஒளிக்க வேண்டியதாயிற்று. வீட்டிலே கலியாண வயதில் ஒரு பெண் இருந்துவிட்டால், மறைத்தலும் இயலாது; மூத்தவனுடைய நோய் வெளிப்பட்டால் தங்கைக்குச் சம்பந்தம் வாராது. ஆகவே தாயே முக்காடிட்டுக் கொண்டு மகனை ஆற்றுக்கு அக்கரையிற் கொண்டுபோய் விட்டாளென்றால், அவளைக் கொடியவள் என்று கூற எவருக்கும் வாய் வராது. அவளுடைய குடும்பம் பிழைத்தது. அவளுடைய மகன் அதன் விலையானான்.

இதனைத் தமிழ் எழுத்தாளர் கண்டார்களா என்பது இயல்பாக எழும் வினா. ஈழத்திலே தமிழ்க் கதைநூல் கிறிஸ்தவர் கையிற் பிறந்தது என்றால் அது மிகையாகாது. 1856இல் யாழ்ப்பாணத்தில் வெளியான காவலப்பன் கதை, ஹன்னா மோர் என்னும் ஆங்கில மாதின் ஞானக் கதையைத் தழுவியது. 1891இல் திருகோணமலை இன்னாசித்தம்பி வெளியிட்ட ஊசோன் பாலந்தை கதை, இரட்டைப் பிள்ளைகளுள் ஒருவன் கரடியிடம் வளர, மற்றவன் அரண்மனையில் வளர, பிரிந்தோர் பின்பு கூடும் ஐரோப்பியக் கதையொன்றின் வழிவந்தது. எஸ்தாக்கியாரின் சிங்கமும் ஓநாயும் அங்கே கரடியாக மாறி நிற்கக் காணலாம். 1914இல் மங்களநாயகம் தம்பையா எழுதிய நொறுங்குண்ட இருதயம் வந்தபோதுதான் கதை காட்டையும் கடலையும் விட்டு வீட்டின் உள்ளறைக்கு வந்தது. சங்கீதத்திலிருந்து எடுத்த தலைப்போடு, கணவனின் கொடுமையைப் பொறுத்துக்கொள்ளும் ஒரு மனைவியின் வாழ்வை அவ்வம்மையார் வரைந்தார். குடும்பத்தை வருத்துவது குடும்பத்துக்குள்ளேயே இருக்கக்கூடும் என்று துணிந்து காட்டியமைக்காக, நமது நாவல் சரித்திரத்தில் அவருக்கு இப்போது வழங்கப்படும் இடத்தைக் காட்டிலும் உயர்ந்த இடம் வழங்கல் வேண்டும். ஆனால் பொறுமையே அங்கும் வெற்றி, பொறுத்தவளே கதாநாயகி. பொறுத்துக்கொள்ள இயலாமல் ஒருவரை வெளியே தள்ளிவிட்டுப் பிழைத்த குடும்பத்தின் கதைக்கு அவர் வழியிலே இன்னும் ஓர் அடி செல்ல வேண்டியிருந்தது. அந்த அடியை எடுத்துவைக்க நமது கிறிஸ்தவப் புனைகதை தயங்கிற்று. சாட்சியாக மடிந்தோரையும் பொறுமையாக வென்றோரையும் பாடிப் பழகிய பேனாவுக்கு, வெட்கத்தினால் மௌனமானவர்களை எழுத வரவில்லை.

அக்கரையிலிருந்தவர்களும் வெறுமனே கிடந்து அழுதவர்கள் அல்லர். ஆண்டுக்கணக்கில் ஒரே வளவுக்குள் வாழ்ந்த மனிதர்கள் எங்கும் செய்வதையே அவர்களும் செய்தனர்: கோழி வளர்த்தனர், தோட்டம் வைத்தனர், தம்முள் சண்டையிட்டனர், சமாதானமாயினர், நோய் முற்றியவனுக்கு நோய் குறைந்தவன் கையானான், பார்வை போனவளுக்கு நடக்க முடிந்தவள் கண்ணானாள். சிங்களரும் தமிழரும் முஸ்லிம்களும் பறங்கியரும், வெளியே ஒரே பந்தியில் அமராதவர்களும், அங்கே ஒரே வார்டில் ஒருவரையொருவர் அண்ணன் என்றும் அக்கா என்றும் அழைத்து வாழ நேர்ந்தது. இரத்த உறவு விட்டுச்சென்ற இடத்தை அந்த உறவு நிரப்பிற்று. கிறிஸ்தவக் குடும்பத்தின் உறுதியைப் பற்றி எழுத விரும்புவோர், தேவாலயங்களின் வெள்ளிவிழா மலர்களிலே காண்பதைவிட மேலான சான்றை இங்கே காண்பார்கள்.

மருந்து வந்தது. 1940களில் டாப்சோன் என்னும் மாத்திரை பயன்பாட்டுக்கு வந்து, நோயைக் கட்டுப்படுத்தும் வழியைத் திறந்தது. அது மட்டும் போதாமையால், பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறையை 1982இல் உலக சுகாதார ஸ்தாபனம் விதித்தது. அடுத்த ஆண்டே இலங்கை அதனைக் கைக்கொண்டது. 1990இலிருந்து வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பத்திரிகைகளிலும், இந்நோய் குணமாகும், தேமலைக் கண்டதும் வைத்தியரிடம் வாருங்கள் என்ற பிரசாரம் நடந்தது. பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற சர்வதேச இலக்கை 1995இல் இலங்கை எட்டியது. இன்றும் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்ட புதிய நோயாளர் கண்டுபிடிக்கப்படுகின்றனர். அவர்கள் வீட்டிலிருந்தவாறே மருந்துண்டு குணமடைகின்றனர். எவரையும் ஆற்றைக் கடத்திவிட வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் ஹெந்தளையில் முன்னரே இருந்தவர்களுக்கு நோய் நீங்கிய பின்னும் கதவு திறக்கவில்லை. சிலர் வீட்டுக்குச் சென்று பார்த்துத் திரும்பினர்; சிலருக்குச் செல்ல வீடே இல்லை; தங்கைக்குக் கலியாணமாகிப் பேரப்பிள்ளைகளும் பிறந்துவிட்ட வீட்டில், மாமா ஒருவர் இருக்கிறார் என்பதே சொல்லப்படாத செய்தி. குணமான மனிதர்கள் ஆஸ்பத்திரியிலேயே முதுமையடைந்து, அதன் மண்ணிலேயே அடங்கினர்.

ஹெந்தளையும் வத்தளையும் இப்போது தமிழர் பெருகிய ஊர்கள். 1983ஆம் ஆண்டுக் கலவரத்துக்கும் அதன்பின் நிகழ்ந்த போருக்கும் தப்பி வடக்கிலிருந்து வந்தோர், மலைநாட்டிலிருந்து பிழைப்புத் தேடி இறங்கியோர், கொட்டாஞ்சேனையில் வாடகை கட்டுப்படியாகாமல் ஆற்றைக் கடந்தோர் என்று பலரும் அங்கே வீடெடுத்து வாழ்கின்றனர். அவர்களுள் ஞாயிறுதோறும் தமிழ்ப் பூசை காணும் கத்தோலிக்கக் குடும்பங்கள் நிறைய உண்டு. பிரிந்த குடும்பம் என்றால் என்ன, மறைக்கப்படும் செய்தி என்றால் என்ன என்பதை இவர்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. ஆகையால் இக்கதையை எழுதத் தகுதியுள்ளவர்களும் இவர்களே என்று நான் எண்ணுகின்றேன்.

தமிழில் சரித்திரக் கதை என்றால் சோழ சக்கரவர்த்தியின் குதிரையோடுதான் தொடங்க வேண்டும் என்னும் நியதி இல்லை. கொழும்பிலுள்ள தேசிய சுவடிக்கூடத்திலே கம்பெனியாரின் தோம்புகளும் தீர்மானப் புத்தகங்களும் இருக்கின்றன. 2003இல் ஐக்கிய நாடுகளின் கல்வி, பண்பாட்டு ஸ்தாபனம் கம்பெனியின் ஆவணங்களை உலக நினைவுப் பட்டியலிற் சேர்த்துக் கௌரவித்தது. 1757இல் கட்டி முடிந்த வுல்வெண்டால் தேவாலயம் கொட்டாஞ்சேனைக்கு அருகே இன்றும் குன்றின் மேல் நிற்கின்றது. கத்தோலிக்கக் கோவில்களில் பழைய ஞானஸ்நானப் புத்தகங்கள் உண்டு. ஒரே குழந்தையின் பெயரை இரண்டு சமயத்தாரின் ஏடுகளிலும் தேடிப் பிடிக்கும் பொறுமையுள்ள ஓர் இளைஞருக்கு, ஒரு நாவலின் முதற் பாகம் அங்கேயே கிடைத்துவிடும். இரண்டாம் பாகம் ஏடுகளில் இல்லை. அது ஹெந்தளையில் முதியோர் சிலரின் நினைவிலும், தம் வீட்டில் மாமா ஒருவர் இருந்தார் என்பதைப் பிந்தி அறிந்த குடும்பங்களின் நினைவிலும் இருக்கின்றது. அம்முதியோரின் தொகையோ ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகின்றது. எழுத நினைப்பவர்கள் தோம்புகளை அடுத்த வருஷம் படிக்கலாம். ஹெந்தளைக்கு இந்த வருஷமே போய், அனுமதி பெற்று, அவர்களோடு அமர்ந்து கேட்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கின்றேன்.